அம்மாவுக்கு டிரைஜெமினல் நியூரால்ஜியா: முதல் சில வாரங்களை எப்படிச் சமாளிப்பது?

நிலாமுற்றம்:

வணக்கம். அம்மாவுக்கு வயசு 61. வலது மூக்கு ஓரத்துல ஆரம்பிச்சு மேல் உதடு, கன்னம், மேல் ஈறு வரைக்கும் கரண்ட் பாயுற மாதிரி வலி. ஒரு வெட்டு ரெண்டு மூணு நொடிதான். ஆனா விட்டு விட்டுப் பத்துப் பதினஞ்சு தடவை வெட்டிட்டுத்தான் அடங்குது. பல் தேய்க்கிறது, முகம் கழுவுறது, பேச வாயைத் திறக்கிறது எல்லாமே வலியைக் கிளப்புது. வலி வரும்போது கன்னத்தைப் பிடிச்சுக்கக்கூட மாட்டேங்கிறாங்க. உள்ளங்கையைக் கன்னத்துக்கு ஒரு விரற்கடை தள்ளி, தொடாம வச்சுக்கிட்டு, மூச்சு விடக்கூடப் பயந்து அசையாம உட்கார்ந்திருக்காங்க.

நரம்பியல் டாக்டர் டிரைஜெமினல் நியூரால்ஜியான்னு சொல்லி, கார்பமசெபின் 100 மி.கி. காலை ஒண்ணு, ராத்திரி ஒண்ணு கொடுத்திருக்கார். எம்.ஆர்.ஐ. எழுதியிருக்கார், இன்னும் எடுக்கல. மாத்திரை ஆரம்பிச்சு நாலு நாள் ஆகுது. வெட்டு கொஞ்சம் குறைஞ்சிருக்கு. ஆனா தலை சுத்துது, எழுந்து நடந்தா தள்ளாடுறாங்க. பிரஷருக்கு நீர் பிரியிற மாத்திரை ஒண்ணும் ரொம்ப நாளா சாப்பிடுறாங்க.

தலை சுத்துறதால, வலி வரும்போது மட்டும் மாத்திரை போட்டா போதுமான்னு கேக்கிறாங்க. சொந்தக்காரங்க எல்லாரும் மேல் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கச் சொல்றாங்க. இது முகவாதமா மாறிடுமோன்னும் பயம். சாப்பாடு, குளியல், தூக்கம் இதையெல்லாம் எப்படிப் பார்த்துக்கிறது? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

குப்பிமூடி:

மருந்துக் கேள்வியை முதல்ல எடுத்துக்கிறேன். இந்த நோயில முதல் ரெண்டு மாசம் சறுக்குறது பெரும்பாலும் இங்கதான்.

கார்பமசெபின் வலி மாத்திரை இல்ல. அது வலிப்பு நோய்க்கான மருந்து. 1962-லயே இந்த முக வலிக்கு வேலை செய்யுதுன்னு தெரிஞ்சுது, இன்னைக்கும் முதல்ல கொடுக்கிற மருந்து அதுதான். நரம்பிழையில இருக்கிற சோடியம் வாசல்களை அடக்கி, நரம்பு படபடன்னு தொடர்ந்து சமிக்ஞை அனுப்பாமப் பார்த்துக்குது. அதுக்கு ரத்தத்துல மருந்து அளவு ராத்திரி பகல் சீரா நிக்கணும். சாதாரண மாத்திரை விழுங்கினா ரத்தத்துல உச்சத்துக்குப் போக நாலஞ்சு மணி நேரம் ஆகும். அம்மாவுக்கு வர்ற வெட்டு மூணு நொடி. வலி வந்த பிறகு போடுற மாத்திரை அந்த வலியைப் பிடிக்கவே பிடிக்காது. அதனால கடிகாரம் பார்த்துப் போடணும், 12 மணி நேர இடைவெளி தவறக் கூடாது. ஒரு வேளை மறந்துட்டா ஞாபகம் வந்ததும் போடலாம். அடுத்த வேளை நெருங்கிட்டா விட்டுடுங்க. ரெண்டையும் சேர்த்துப் போட வேண்டாம், போட்டா தள்ளாட்டம்தான் கூடும்.

100 மி.கி. ரெண்டு வேளைங்கிறது தொடக்க அளவு மட்டும்தான். இதுல முழு நிவாரணம் வரலைன்னா மருந்து தோத்துப்போச்சுன்னு நினைச்சுடாதீங்க. டாக்டர் சில நாளுக்கு ஒரு தடவை 100 மி.கி. வீதம் ஏத்துவார். பெரும்பாலானவங்களுக்கு வலி அடங்குறது நாளுக்கு 400-லிருந்து 800 மி.கி.க்குள்ள. மேல் எல்லை 1200. வயசானவங்களுக்கு மெதுவா ஏத்தணும்.

இன்னொரு விஷயம், இதைப் பல பேருக்கு யாரும் சொல்றதில்ல. இந்த மருந்து தன்னைத்தானே கரைக்கிற கல்லீரல் நொதிகளைத் தூண்டிவிடும். முதல் வேளையில ஒரு மாத்திரையோட பாதி உடம்பை விட்டுப் போக 25 முதல் 65 மணி நேரம் ஆகும். தொடர்ந்து சாப்பிட்டா அது 12 முதல் 17 மணி நேரமாச் சுருங்கிடும். இந்த மாற்றம் முடிய 3 முதல் 5 வாரம். அதனாலதான் முதல் வாரம் நல்லா இருந்து, நாலாவது வாரம் வலி திரும்பி வரும். வீட்டுல எல்லாரும் மனசு உடைஞ்சு போற நேரம் அது. மருந்தோட அளவு ரத்தத்துல இறங்கியிருக்குன்னு அர்த்தம், அவ்வளவுதான். டாக்டர்கிட்ட சொன்னா அளவைச் சரி பண்ணுவார். இதே காரணத்தால ஆரம்பத் தலைசுத்தலும் அசதியும் கூட ரெண்டு மூணு வாரத்துல பெருமளவு தணியும். தலைசுத்தல் தாங்க முடியலைன்னா நீங்களா நிறுத்தாதீங்க. மெதுவா வெளியாகுற வகை மாத்திரைக்கு மாத்தலாமான்னு கேளுங்க. மாத்திரை போட்ட சில மணி நேரத்துல வர்ற உச்சம் அதுல குறையும், தள்ளாட்டமும் குறையும். அந்த வகையைப் பொடிக்கவோ மெல்லவோ கூடாது.

இனி கண்ணும் கருத்துமாப் பார்க்க வேண்டியது. முதலாவது தோல். உடம்புல சிவந்த தடிப்பு, காய்ச்சல், வாய்ப்புண், கண் சிவப்பு, கொப்புளம், தோல் உரியுறது, இதுல எது தெரிஞ்சாலும் அடுத்த மாத்திரையைப் போடாம அன்னைக்கே ஆஸ்பத்திரி. மத்த எல்லாச் சமயத்துலயும் திடீர்னு நிறுத்தக் கூடாத மருந்து இது. இது ஒண்ணுதான் விதிவிலக்கு. பெரும்பாலும் முதல் சில மாசத்துலயே தெரிஞ்சுடும். எச்.எல்.ஏ-பி 15:02 என்ற மரபணு இருக்கிறவங்களுக்கு இந்த ஆபத்து ரொம்ப அதிகம். ஆசிய வம்சாவளியினர்கிட்ட அது கூடுதலாக் காணப்படுது. மருந்து தொடங்குறதுக்கு முன்னாடியே எடுக்க வேண்டிய ரத்தப் பரிசோதனை அது. எடுத்தாங்களான்னு நாளைக்கே போன் பண்ணிக் கேளுங்க. இல்லைன்னு வந்தாலும் தோலைக் கவனிக்கிறதை விட வேண்டாம்.

ரெண்டாவது சோடியம். கார்பமசெபின் ரத்தத்துல சோடியத்தைக் குறைக்கும். நீர் பிரியிற மாத்திரையும் குறைக்கும். ரெண்டும் சேர்ந்தா, அதுவும் 60 வயசுக்கு மேல, நிச்சயமாப் பரிசோதிக்கணும். தலைவலி, குமட்டல், சோர்வு, பேச்சுல குழப்பம், தள்ளாட்டம் எல்லாம் சோடியம் குறைஞ்சாலும் வரும். நீங்க சொல்ற தள்ளாட்டம் மருந்தோட சாதாரணத் தொடக்க விளைவா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம், ஆனா பார்த்தா தெரியாது. ரத்தம் எடுத்தாத்தான் தெரியும். கூடவே ரத்த அணுக்கள், கல்லீரல் பரிசோதனையும் தொடக்கத்துல ஒரு தடவை எடுத்து வச்சுக்கணும், பின்னாடி ஒப்பிட அது வேணும். இதய மின்கடத்தல்ல தடை இருக்கிறவங்களுக்கு இந்த மருந்து ஆகாது. இந்த வயசுல ஒரு ஈ.சி.ஜி. இருந்தா நல்லது.

மூணாவது கூட்டு மருந்து. சளி, தொண்டைக்குன்னு கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் எழுதினா கார்பமசெபின் அளவு எகிறிடும். ரெட்டையாத் தெரியிறது, வாந்தி, நடக்கவே முடியாமப் போறதுன்னு ஆகும். பூஞ்சைக்கான சில மாத்திரைகள், பிரஷருக்கும் இதயத்துக்கும் கொடுக்கிற வெராபமில், டில்டியாசெம், கிரேப்ஃபுரூட் பழமும் அப்படித்தான். மறுபக்கம், ரத்தம் உறையாம இருக்கக் கொடுக்கிற வார்ஃபரின், கருத்தடை மாத்திரை, சில கொழுப்பு மாத்திரை, சில பிரஷர் மாத்திரைகளோட வேலையை கார்பமசெபின் குறைச்சுடும். எந்த டாக்டர்கிட்ட எதுக்குப் போனாலும் இதைச் சாப்பிடுறாங்கன்னு முதல் வாக்கியத்துலயே சொல்லுங்க.

கடைசியா ஒண்ணு. மாத்திரையைக் குளியலறை அலமாரியில வைக்காதீங்க. ஈரம் பட்டா இந்த மாத்திரை கெட்டிப்பட்டுக் கரையாமப் போகும். மூணுல ஒரு பங்கு பலன் போயிடலாம். வலி காரணமே இல்லாமத் திரும்பினா டப்பா எங்க இருந்ததுன்னும் பாருங்க.

கடைவாய்ப்பல்:

பல்லைப் பிடுங்கச் சொல்பவர்களுக்கு என் பதில்: பல்லில் நோய் இருப்பதை நிரூபிக்காமல் ஒரு பல்லையும் தொடக் கூடாது.

மேல் பற்களுக்கு உணர்வு தருவது ஐந்தாவது மூளை நரம்பின், அதாவது டிரைஜெமினல் நரம்பின், இரண்டாம் கிளை. அம்மாவின் வலி வரும் பாதையும் அதுவேதான். கோளாறு நரம்பின் வேர்ப்பகுதியில், மூளைத்தண்டுக்கு அருகில். அதை மூளை பல்லில் வலிப்பதாகப் படித்துக்கொள்கிறது. பல்லைப் பிடுங்கினால் சில நாள் அமைதியாக இருக்கலாம். பிறகு பக்கத்துப் பல்லில் வலிக்கும், அதையும் பிடுங்குவார்கள், கடைசியில் வெறும் ஈறில் வலிக்கும். பல்லும் போய் வலியும் மிஞ்சிய வாய்கள் எண்ணற்றவை. அந்த வரிசையில் அம்மா சேர வேண்டாம்.

ஆனாலும் பல் மருத்துவரிடம் ஒரு முறை காட்டுவது அவசியம். ஒவ்வொரு பல்லாகத் தட்டிப் பார்ப்பது, குளிர்ச்சி வைத்துப் பார்ப்பது, எக்ஸ்ரே எடுப்பது, கடித்து விடும்போது வலிக்கிறதா என்று விரிசல் பார்ப்பது, இவ்வளவும் போதும். பல் நரம்பு கெட்டிருந்தால் குளிர்ச்சி வைத்து எடுத்த பிறகும் வலி நீடிக்கும், துடிக்கும், இரவில் தூக்கத்தைக் கலைக்கும். டிரைஜெமினல் வலி நொடிகளில் வெட்டும், லேசான தொடுதலுக்கே கிளம்பும், தூங்கும்போது பெரும்பாலும் விட்டுவிடும்.

ஒரு பொறியை மட்டும் எச்சரித்துவிடுகிறேன். மரத்துப்போகும் ஊசி போட்டதும் வலி நின்றால், 'பார், பல்லில்தான் கோளாறு' என்று முடிவு கட்டிவிடுவார்கள். அது தவறு. வலியைத் தூண்டும் இடம் அந்த ஈறில் இருந்தால், ஊசி அந்த இடத்தை மரக்கச் செய்ததும் டிரைஜெமினல் வலியும் சில மணி நேரம் நிற்கும். அந்தச் சோதனை பல்லையும் நரம்பையும் பிரித்துக் காட்டாது.

பல் தேய்ப்பதை முழுவதுமாக விட்டால் சில மாதத்தில் நிஜமான சொத்தை வந்து இரண்டு வலிகள் ஆகிவிடும். குழந்தைகளுக்கான சின்னத் தலை உள்ள மென்மையான பிரஷ், வெதுவெதுப்பான தண்ணீர். இடது பக்கத்தில் தொடங்கி, வலது கீழ், கடைசியில் வலது மேல். பிரஷை உதட்டுக்கு நடுவே நுழைக்காமல் வாயின் இடது ஓரமாக உள்ளே கொண்டுபோனால் மேல் உதட்டில் உரசாது. எழுந்ததும் தேய்க்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. காலை மாத்திரை போட்டுச் சில மணி நேரம் கழித்து, மருந்து நன்றாக ஏறியிருக்கும்போது தேய்க்கட்டும். அந்த வலது மேல் பகுதியைத் தொடவே முடியாத நாட்களில் 0.2 சதவீத குளோர்ஹெக்சிடின் 10 மி.லி. எடுத்து, கொப்பளிக்காமல் தலையைச் சாய்த்து ஒரு நிமிடம் நிறுத்தி உமிழலாம், நாளுக்கு இரண்டு முறை. பற்பசைக்கும் அதற்கும் இடையே அரை மணி நேரம் விடுங்கள், இல்லாவிட்டால் பற்பசையில் உள்ள நுரைப்பொருள் அதன் வேலையைக் கெடுக்கும். இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் பல்லில் பழுப்புக் கறை படியும்.

சொத்தை அடைப்பது போன்ற பல் வேலை ஏதாவது பாக்கியிருந்தால், மருந்தில் வலி நன்றாக அடங்கிய பிறகு முழுமையாக மரக்கச் செய்து முடித்துவிடுங்கள். வலி உச்சத்தில் இருக்கும்போது வேண்டாம்.

நிலாமுற்றம்:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. பல் விஷயத்தைப் படிச்சுக் காட்டினேன், சொந்தக்காரங்க அமைதியாயிட்டாங்க. சோடியமும் பார்க்கல, அந்த மரபணுப் பரிசோதனையும் எடுக்கல. போன் பண்ணிட்டேன், நாளைக்கு ரெண்டுக்கும் ரத்தம் கொடுக்கப் போறோம். அதுவரைக்கும் தோல்ல ஏதாவது தெரியுதான்னு கவனிக்கச் சொல்லியிருக்காங்க, இதுவரைக்கும் தடிப்பு எதுவும் இல்ல.

இன்னும் ரெண்டு விஷயம். சாப்பிடப் பயந்து ரெண்டு வாரத்துல மூணு கிலோ இறங்கிட்டாங்க. நேத்து ராத்திரி 'இப்படியே இருக்கிறதுக்கு இல்லாமலே போயிடலாம்'னு சொன்னாங்க. எனக்கு என்ன பதில் சொல்றதுன்னே தெரியல.

பகல்ஷிஃப்ட்:

கடைசி வரியை முதல்ல எடுத்துக்கிறேன்.

அதை வலியில வந்த பேச்சுன்னு கடந்து போகாதீங்க. இந்த வலி மனுஷங்களை அந்த எண்ணத்துக்குத் தள்ளுற அளவு கடுமையானது. வலிப்பு மருந்துகளும் சிலருக்குத் தற்கொலை எண்ணத்தைத் தூண்டலாம்னு எச்சரிக்கையே இருக்கு. இன்னைக்கே பக்கத்துல உட்கார்ந்து நேராக் கேளுங்க: 'அம்மா, செத்துப்போகணும்னு தோணுதா? அதுக்கு ஏதாவது செய்யணும்னு யோசிச்சீங்களா?' இப்படிக் கேக்கிறதால அந்த எண்ணம் புதுசா வராது. ஆமாம்னு சொன்னா, அவங்களைத் தனியா விடாம, இன்னைக்கே அவசர சிகிச்சைக்குக் கூட்டிட்டுப் போங்க. இல்லைன்னு சொன்னாலும் நாளைக்கு ரத்தம் கொடுக்கப் போகும்போது டாக்டர்கிட்ட அவங்க சொன்ன அதே வார்த்தையிலயே சொல்லுங்க. மாத்திரை டப்பா உங்க கையில இருக்கட்டும். ஒரு நாளைக்கான மாத்திரையை மட்டும் எடுத்துக் கொடுங்க. கார்பமசெபின் மொத்தமா உள்ள போனா உயிருக்கு ஆபத்து.

அவங்களுக்குச் சொல்றதுக்கு உண்மையான நல்ல செய்தியும் இருக்கு. இந்த மருந்துக்குத் தொடக்கத்துல பெரும்பாலானவங்களுக்கு வலி கேக்கும். இந்த நோய் பல மாசம், சிலருக்கு வருஷக்கணக்குலகூட தானா ஓய்ஞ்சும் இருக்கும். மருந்து போதலைன்னா ஆபரேஷன் இருக்கு. 'சரியாயிடும்மா'ன்னு பொத்தாம்பொதுவாச் சொல்றதை விட, அடுத்து என்ன செய்யப்போறோம், எந்தத் தேதியில செய்யப்போறோம்னு சொல்றது அவங்களைத் தாங்கும்.

இனி சாப்பாடு. இந்த வலிக்கு ஒரு குணம் உண்டு. ஒரு தொடர் வெட்டி முடிஞ்சதும் நரம்பு சில நொடியிலிருந்து ஒண்ணு ரெண்டு நிமிஷம் வரைக்கும் அசந்து கிடக்கும். அப்போ தொட்டாலும் பலருக்குக் கிளம்பாது. அந்த இடைவெளியைப் பிடிக்கப் பழகிட்டா நாலஞ்சு வாய் உள்ள போயிடும். அதனால உணவு தயாரா, ஆறி, கைக்கெட்டுற தூரத்துல இருக்கணும். அப்போ போய் சூடு பண்ணினா நேரம் தப்பிடும். சூடும் வேண்டாம், குளிர்ச்சியும் வேண்டாம், உடம்புச் சூட்டுல இருக்கட்டும். மெல்லத் தேவையில்லாம மசிச்சு, சின்ன ஸ்பூன்ல, இடது கன்னத்துப் பக்கமா வைக்கணும். ஸ்பூன் மேல் உதட்டுல படாம கீழ் உதட்டு மேல வச்சுச் சரிக்கணும். ஸ்ட்ரா சிலருக்கு உதவும், சிலருக்கு உறிஞ்சுற அசைவே வலியைக் கிளப்பும். ஒரு தடவை முயற்சி பண்ணிப் பாருங்க. மூணு வேளை நிறையக் கொடுக்கிறதை விட ஆறு வேளை கொஞ்சமாக் கொடுங்க, சின்ன அளவுலயே சத்து அடர்த்தியா இருக்கணும். வாரம் ஒரு தடவை அதே துலாக்கோல்ல எடை பாருங்க. தண்ணி மட்டும் நிறையக் கொடுத்து ஈடுகட்ட வேண்டாம். சோடியம் இன்னும் இறங்கும். ஒரு நாள் முழுக்கத் தண்ணிகூட இறங்கலைன்னாலோ, மாத்திரை விழுங்க முடியலைன்னாலோ வீட்டுல காத்திருக்காதீங்க. ஆஸ்பத்திரியில ஃபாஸ்ஃபெனிடாயின் மாதிரி மருந்தை ரத்தக்குழாய் வழியா, இதயத்தைக் கண்காணிச்சுக்கிட்டே கொடுத்து அந்தக் கடும் கட்டத்தைத் தாண்ட வைப்பாங்க.

முகம் கழுவ: தண்ணியை வாரி அடிக்காதீங்க, தேய்க்காதீங்க. வெதுவெதுப்பா நனைச்ச துணியை மெதுவா, அழுத்தி, ஒரே இடத்துல ஒத்தணும். லேசா வருடுறதுதான் இந்த நரம்பைச் சீண்டும். உறுதியா அழுத்துறது பலருக்குத் தாங்கும். தலைக்கு ஊத்தும்போது பின்பக்கம் சாய்ஞ்சு, முகத்துல தண்ணி வழியாமப் பார்த்துக்கணும். தள்ளாட்டம் நிக்குற வரைக்கும் குளிக்கிற இடத்துல ஒரு நாற்காலி போடுங்க, கதவைத் தாழ் போட வேண்டாம். இந்த வயசுல விழுந்து இடுப்பு எலும்பு முறிஞ்சா அது தனிக் கஷ்டம்.

காத்து. மின்விசிறி, ஏசி காத்து முகத்துக்கு நேரா வரக் கூடாது. வெளியில போகும்போது மூக்கு ஓரத்தை உரசுற முகக்கவசத்தை விட, தலையிலிருந்து தொங்குற துணியோ முகத்துக்கு முன்னாடி விலகி நிக்குற பிளாஸ்டிக் தடுப்போ மேல். போனை இடது காதுல வச்சுப் பேசட்டும். பேச்சே வலியைக் கிளப்புற நாள்ல ஒரு சின்ன நோட்டும் பேனாவும் பக்கத்துல இருக்கட்டும். வீட்டுல எல்லாரும் ஆமாம், இல்லைன்னு தலையாட்டிச் சொல்லக்கூடிய கேள்வியாக் கேளுங்க. 'இப்ப எப்படி இருக்கு'ன்னு நிமிஷத்துக்கு ஒரு தடவை கேக்கிறது அன்புதான், ஆனா ஒவ்வொரு பதிலும் அவங்களுக்கு ஒரு வெட்டு.

ஒரு குறிப்பேடு போடுங்க. தேதி, மாத்திரை போட்ட நேரம், அளவு, எத்தனை தொடர் வந்துச்சு, எது கிளப்புச்சு, தலைசுத்தல் எவ்வளவு, சாப்பிட முடிஞ்சுதா. நாளைக்கு ரெண்டு வரி போதும். டாக்டர் அளவை ஏத்துறதா, வேளையை மாத்துறதான்னு முடிவெடுக்க அதுதான் ஆதாரம். உதாரணத்துக்கு, வெட்டு எல்லாமே காலை மாத்திரைக்கு முந்தின ரெண்டு மணி நேரத்துல வருதுன்னு தெரிஞ்சா, மொத்த அளவைக் கூட்டாமலே மூணு வேளையாப் பிரிச்சுக் கொடுக்கலாம்.

பாராசிட்டமால், சாதாரண வலி மாத்திரை, கன்னத்துல தேய்க்கிற தைலம் எதுவும் இதுக்குக் கேக்காது. தேய்க்கிறது வலியைக் கிளப்பவும் செய்யும். பி12 ஊசி, உடம்புல பி12 குறைவா இருந்தா அந்தக் குறைபாட்டுக்குத்தான்.

மூன்றாம்கிளை:

முகவாதம் பற்றிய பயத்துக்குப் பதில் இன்னும் வரவில்லை. முகத்தை அசைப்பது ஏழாவது மூளை நரம்பு. அது செயலிழந்தால் வாய் கோணும், கண் மூடாது, அதுதான் முகவாதம். அம்மாவுக்குப் பாதிப்பு ஐந்தாவது நரம்பில். அதன் வேலை உணர்வும் மெல்லுவதும். ஒன்று மற்றொன்றாக மாறாது.

பெரும்பாலும் நடப்பது இது: நரம்பு மூளைத்தண்டில் நுழையும் இடத்தில் ஒரு ரத்தக்குழாய், பல நேரம் மேல் சிறுமூளைத் தமனி, நரம்பின்மேல் அழுந்தித் துடிக்கிறது. நாளடைவில் நரம்பிழைகளின் உறை தேய்கிறது. உறை போன கம்பிகள் ஒன்றையொன்று உரசினால் எப்படியோ, அப்படி, தொடுதலைச் சுமக்கும் இழையிலிருந்து வலியைச் சுமக்கும் இழைக்குச் சமிக்ஞை தாவுகிறது. பஞ்சு பட்டால்கூட ஷாக் அடிப்பது இதனால்தான். அம்மா மிகைப்படுத்தவில்லை என்பதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்.

எம்.ஆர்.ஐ.யைத் தள்ளிப்போட வேண்டாம். நோயை முடிவு செய்வது அறிகுறிகளை வைத்துத்தான், எம்.ஆர்.ஐ. எடுப்பது கட்டி, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (நரம்புறை அழியும் நோய்) போன்ற வேறு காரணங்களை விலக்கவும், ரத்தக்குழாய் அழுத்தத்தைப் பார்க்கவும். சாதாரண மூளை எம்.ஆர்.ஐ.யில் இந்த இடம் சரியாகத் தெரியாது. படிவத்தில் 'வலது டிரைஜெமினல் நியூரால்ஜியா, நரம்பு வேர்ப்பகுதிக்கு மெல்லிய வெட்டுப் படங்கள்' என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். அதற்கென ஃபியஸ்டா, சிஸ் என்ற முப்பரிமாண வரிசைகள் உண்டு. அறிக்கையில் 'ரத்தக்குழாய் தொடுகிறது' என்று மட்டும் இருந்தால் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள், வலியே இல்லாதவர்களுக்கும் அப்படி இருக்கும். நரம்பு நகர்ந்திருக்கிறதா, மெலிந்திருக்கிறதா என்பதுதான் பொருட்டு. எந்தப் பக்கம் தொடக் கூடாது என்பதைப் படுக்க வைக்கும் பணியாளரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். தலையைச் சுற்றி வைக்கும் பஞ்சும் காதடைப்பும் கன்னத்தில் உரசலாம். காலை மாத்திரையைத் தவறவிட்டுப் போகாதீர்கள்.

கன்னம் மரத்துப்போவது, காது கேட்காமை, வலி இரு பக்கமும் வருவது, பார்வைக் கோளாறு, இவற்றில் எதையாவது கண்டால் ஸ்கேன் தேதிவரை காத்திருக்காமல் தெரிவியுங்கள். நெற்றிப்பொட்டில் தொட்டால் வலி, உணவை மென்றுகொண்டிருக்கும்போது தாடை சோர்ந்து வலிப்பது, பார்வை மங்குவது சேர்ந்து வந்தால் அது வேறு நோய், தலைத் தமனி அழற்சியாக இருக்கலாம். பார்வையைக் காப்பாற்ற அன்றே சிகிச்சை வேண்டும்.

ஆபரேஷன் பற்றி அம்மாவுக்கு இப்போதே ஒரு வரைபடம் மனதில் இருப்பது நல்லது. 2019-இல் வந்த ஐரோப்பிய நரம்பியல் அகாடமியின் வழிகாட்டுதல், மருந்து பலிக்காமலோ தாங்காமலோ போனால், ரத்தக்குழாய் அழுத்தம் உறுதியானவர்களுக்கு அதை விலக்கும் அறுவையை முதல் தேர்வாக வைக்கிறது. காதுக்குப் பின்னால் சின்னதாக மண்டையோட்டைத் திறந்து, குழாயை நகர்த்தி, இடையில் டெஃப்லான் பஞ்சு வைப்பார்கள். நரம்பை வெட்டுவதில்லை. பத்தில் ஏறத்தாழ ஒன்பது பேருக்கு வலி உடனே நிற்கிறது. பத்து ஆண்டுகள் கழித்தும் பத்தில் ஏழு பேர் அளவுக்கு நன்றாக இருக்கிறார்கள். அந்தப் பக்கக் காது கேட்காமல் போவது, மூளைத்தண்டுவட நீர்க் கசிவு ஆகியவை அதன் ஆபத்துகள். 61 வயது இதற்குத் தடை இல்லை, இதயமும் நுரையீரலும் மயக்க மருந்தைத் தாங்க வேண்டும்.

திறக்காமல் செய்பவை வேறு வகை. கன்னம் வழியாக ஊசி செலுத்தி நரம்பு முடிச்சை வெப்பத்தாலோ கிளிசராலாலோ பலூனாலோ சேதப்படுத்துவது ஒன்று. நிவாரணம் உடனே கிடைக்கும். முகம் ஓரளவு மரக்கும், சில ஆண்டுகளில் வலி திரும்புவதும் அதிகம். காமா நைஃப் கதிர்வீச்சு மற்றொன்று. பலன் தெரிய வாரங்கள், சில நேரம் மாதங்கள் ஆகும், அதுவரை மாத்திரையை நிறுத்தக் கூடாது. இவை எல்லாம் நரம்பைக் காயப்படுத்திப் பலன் தருபவை. மரத்த இடத்திலேயே ஓயாமல் வலிக்கும் நிலை அரிதாக வரும், அதற்கு மருத்துவம் கடினம். கையெழுத்துப் போடுமுன் அதைப் பற்றித் தனியாகக் கேளுங்கள்.

இரண்டு மருந்துகளைச் சரியான அளவில் பார்த்தும் வலி நிற்கவில்லை, அல்லது வலி நிற்கும் அளவில் ஆள் எழுந்து நடக்க முடியவில்லை என்றால் அறுவை நிபுணரைப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது. எல்லா மருந்தையும் தீர்த்துவிட்டு, உடல் வற்றிய பிறகு போகாதீர்கள்.

நிலாமுற்றம்:

அம்மாகிட்ட நேராவே கேட்டேன். 'எதுவும் பண்ணிக்க மாட்டேன், வலி தாங்கலைன்னுதான் சொன்னேன்'னு அழுதாங்க. டாக்டர்கிட்டயும் சொல்லிட்டோம், மனநல டாக்டரை இந்த வாரமே பார்க்கிறோம். மாத்திரை இப்ப என் கையில.

சோடியம் 130 வந்திருக்கு. அந்த மரபணு இல்லைன்னு வந்துடுச்சு. நீர் மாத்திரையை நிறுத்திட்டு பிரஷருக்கு அம்லோடிபின் கொடுத்திருக்காங்க. கார்பமசெபின் அளவை இப்ப ஏத்தல, ஒரு வாரத்துல திரும்ப ரத்தம். வலி இன்னும் இருக்கு, ஆனா நேத்து இடைவெளி பார்த்து ஒரு கிண்ணம் முழுசாச் சாப்பிட்டாங்க. ஆக்ஸ்கார்பசெபினுக்கு மாத்தினா தலைசுத்தல் குறையும்னு ஒருத்தர் சொன்னார், கேக்கலாமா?

குப்பிமூடி:

நல்ல நேரத்துல பிடிச்சிருக்கீங்க. 135-க்குக் கீழ போனாலே குறைவுதான். 130-ல தள்ளாட்டம் வர்றது ஆச்சரியமே இல்ல. குழப்பமாப் பேசினாலோ, ஓயாம வாந்தி எடுத்தாலோ, வலிப்பு வந்தாலோ அந்த ஒரு வாரம் காத்திருக்க வேண்டாம், உடனே கூட்டிட்டுப் போங்க.

ஆக்ஸ்கார்பசெபின் தலைசுத்தலுக்கும் கூட்டு மருந்துச் சிக்கலுக்கும் கார்பமசெபினை விட மேல்தான். ஆனா சோடியத்தை அதைவிடக் கூடுதலா இறக்கும். சோடியம் 130-ல இருக்கும்போது அதுக்குத் தாவுறது ஆகாது. சோடியம் தேறாம, வலியும் மிச்சம் இருந்தா, கார்பமசெபினைக் குறைச்சு வச்சுக்கிட்டு கூட கபாபென்டினோ பாக்லோஃபெனோ சேர்க்கலாமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க. கபாபென்டின்னா சிறுநீரகப் பரிசோதனையைப் பார்த்துத்தான் அளவு. பாக்லோஃபெனை ஆரம்பிச்சா அதையும் திடீர்னு நிறுத்தக் கூடாது. ரெண்டுமே தூக்கத்தையும் தள்ளாட்டத்தையும் கூட்டும், அதனால ராத்திரி வேளையில சின்ன அளவுல தொடங்கச் சொல்வாங்க.

அம்லோடிபின் கார்பமசெபினோட சேரும்போது வேகமாக் கரைஞ்சு பலன் குறையலாம். வீட்டுல பிரஷர் பார்க்கிற கருவி இருந்தா, ரெண்டு வாரத்துக்குக் காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, அஞ்சு நிமிஷம் அசையாம உட்கார்ந்த பிறகு எடுத்து அதே குறிப்பேட்டுல எழுதுங்க. வலி வெட்டும்போது எடுக்காதீங்க, அப்போ யாருக்கும் ஏறித்தான் இருக்கும்.